ஒரு ஸ்கூட்டருக்கு இரண்டு சிபாரிசு

அந்த இன்ஸ்பெக்டர் அம்மா ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சேஸிஸ் எண் இருக்க வேண்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். முதலில் பச்சை உதிர்ந்தது. அதன் கீழே நீலம். நீலத்துக்குக் கீழே கம்பெனி அடித்து அனுப்பிய சாம்பல் நிறம். அதற்கும் கீழே எண்.

எண்ணின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் உரசினார். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தாளில் ஏறின. என் கையால் கணக்கில்லாமல் செய்த வேலைதான். ஆனாலும் எட்டிப் பார்த்தேன். அந்த எண் கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையாக எழுந்து வருவதைப் பார்க்கிற ஆசை பணி ஓய்வோடு ஓய்ந்துவிடவில்லை.

மாசி மாத வெயில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்துச் சிமெண்டுத் தரையில் விழுந்து முகத்துக்கே திரும்பி வந்தது. எனக்கு இடது பக்கம் என் தங்கை வசந்தா. வலது பக்கம் அவள் கணவர் கலியமூர்த்தி. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நிலம், நெல் சாகுபடி. ஸ்கூட்டர் அவருடையது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஸ்கூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முந்தைய வாரம் இருவரும் தனித்தனியாக எனக்குப் போன் செய்திருந்தார்கள். முதலில் மாப்பிள்ளை.

"மச்சான், செவ்வாக்கெழம வண்டிய ஆபீசுக்குக் கொண்டாறேன். ஆர்.சி. புதுப்பிக்கணும். புதுசா வந்திருக்கிற இன்ஸ்பெக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க."

"என்னன்னு சொல்றது?"

"நம்ம வண்டின்னு சொன்னாப் போதும். மத்தத அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

மறுநாள் காலை தங்கை.

"அண்ணே, செவ்வாக்கெழம வண்டி ஆபீசுக்கு வருது. அந்த அம்மாகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

"பாஸ் பண்ணச் சொல்லணும், அதானே?"

"ஃபெயில் பண்ணச் சொல்லணும்."

என் சர்வீஸ் முழுக்க எனக்கு வந்த சிபாரிசுகளை வரிசையாக நிறுத்தினால் இங்கிருந்து வல்லம் வரை நிற்கும். எம்.எல்.ஏ.வின் மைத்துனர், என் தமிழாசிரியர், என் பல் டாக்டர் என்று எல்லோரும் கேட்டது ஒன்றுதான். ஒரு வண்டியை ஃபெயில் செய்யச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. அதுவும் சொந்த வீட்டு வண்டியை.

இருவரிடமும் "பார்க்கலாம்" என்றேன். அரசு அலுவலகத்தில் அதற்கு "மாட்டேன்" என்று அர்த்தம். வெளியில் இருப்பவர்கள் அதை "ஆகட்டும்" என்று எடுத்துக்கொள்வார்கள். அரசாங்கம் நடப்பதே அப்படித்தான்.

சொல்லப் போவதில்லை என்று முடிவு செய்தவன் வீட்டில் இருந்திருக்கலாம். எனக்கு வேறொரு அரிப்பு. இரண்டு சிபாரிசும் போய்ச் சேராத நிலையில், அந்தக் கிழட்டு ஸ்கூட்டர் தன் யோக்கியதையை மட்டும் வைத்து என்ன வாங்கும்? பார்க்க வேண்டும் போலிருந்தது.

பிரேக் இன்ஸ்பெக்டர்

இந்தத் தொடருக்குள் இந்த வாரம்தான் நுழைகிறீர்கள் என்றால்: நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அது சம்பளப் பட்டியலில் இருந்த பெயர். ஊரில் எங்களுக்குப் பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர். விளக்கு, ஹாரன், டயர், புகை என்று எத்தனையோ பார்க்கிறோம். ஜனங்கள் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஒருவிதத்தில் அவர்கள் சொல்வதுதான் சரி. மற்றது எல்லாம் வண்டி போவதற்கு. பிரேக் ஒன்றுதான் நிற்பதற்கு.

சொந்த உபயோகத்துக்கான வண்டிக்குப் பதிவு பதினைந்து வருஷம் செல்லும். அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குக் கொண்டுவந்து புதுப்பிக்க வேண்டும். ஆய்வாளர் பார்த்து, ஓடத் தகுதியானது என்று எழுத வேண்டும். எழுதியபின் ஐந்து வருஷத்துக்கு அது தகுதியானதுதான். மறுநாளே சக்கரம் கழன்றாலும்.

இதில் என்னை நெடுநாளாகக் குடைந்த கேள்வி ஒன்று உண்டு. ஒரே வண்டியை இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியாகப் பார்த்தால் ஒரே முடிவு வருமா?

நாகப்பட்டினத்தில் இருந்தபோது இதைச் சோதித்துப் பார்த்தேன். தஞ்சாவூரிலிருந்து மாற்றலாகி வந்த சகா ஒருவர் உடன் இருந்தார். மீன் வியாபாரி ஒருவர் பழைய ஸ்கூட்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கால் வைக்கும் தகரத்தை நான் தட்டிப் பார்த்தேன். சரி என்றேன். சகா கட்டைவிரலால் அழுத்தினார். விரல் மறுபக்கம் வந்துவிட்டது.

"இது வண்டியா, சல்லடையா?" என்றார் சகா.

மீன் வியாபாரி அசரவில்லை. "சார், உப்புக் காத்துல தகரம் இப்புடித்தான் இருக்கும். நீங்க தஞ்சாவூர்க் கண்ணால பாக்குறீங்க. இந்த சார் நாகப்பட்டினத்துக் கண்ணால பாக்குறாரு."

அதன்பிறகு சில மாதங்கள் பழைய ஸ்கூட்டர் எது வந்தாலும் இருவரும் தனித்தனியாகப் பார்த்து, ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் முடிவை எழுதி, டீ குடிக்கும்போது ஒப்பிடுவது என்று வைத்துக்கொண்டோம். ஓரளவு புது வண்டிகளில் சண்டையே வரவில்லை. பழைய ஸ்கூட்டர்களில் ஒத்துப்போனது அபூர்வம். அவருக்கு ஹெட்லைட் பிடிக்கவில்லை என்றால் எனக்கு அது பரவாயில்லை. எனக்கு ஹேண்டில் ஆட்டம் பிடிக்கவில்லை என்றால் அவருக்கு அது "வயசுக்கு ஏத்த ஆட்டம்".

ஒருநாள் காலையில் அவர் ஃபெயில் செய்த ஸ்கூட்டரை, ஒன்றும் சொல்லாமல், சாப்பாட்டுக்குப் பிறகு கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினேன். ஒரு சுற்று ஓட்டினார். பாஸ் என்றார். காலையில் பார்த்த அதே வண்டி என்றதும், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காலையில சூடேறல" என்றார். வண்டிக்கா, அவருக்கா என்று விளக்கவில்லை.

எங்களைவிட நம்பகமானவர் வாசல் மரத்தடியில் உட்கார்ந்திருந்த தரகர். வண்டியையே பார்க்காமல் முடிவைச் சொல்லுவார். "இவரு லைட்டு பாக்குற ஆளு. அவரு ஹாரன். புதுசா வந்தவரு கண்ணாடி. கண்ணாடிய மாட்டிக்கிட்டு வாங்க." அவர் ஆராய்ந்தது ஸ்கூட்டர்களை அல்ல, எங்களை.

இரவல் நகை

இனி மனுஷர்கள் வேண்டாம், இயந்திரமே பிரேக்கை அளந்து சொல்லும் என்கிறார்கள். வரட்டும். ஆனால் ஆய்வுக்கு வருகிற வண்டியும் ரோட்டில் ஓடுகிற வண்டியும் ஒன்றுதானா என்பதை அது எப்படிக் கண்டுபிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

பழைய ஸ்கூட்டர் பார்க்கிற மெக்கானிக் பட்டறை ஒவ்வொன்றிலும் ஒரு செட் சாமான் இருக்கும். பளபளக்கும் கண்ணாடி ஒரு ஜோடி, ஊரையே எழுப்பும் ஹாரன் ஒன்று, பின்விளக்கு ஒன்று, பட்டன் தேயாத டயர் ஒன்று. ஆய்வுக்குப் போகும் வண்டிக்கு அதைப் பூட்டி அனுப்புவார்கள். திரும்பி வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டுவார்கள். பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் பக்கத்து வீட்டுச் சங்கிலி கழுத்துக்கு வருவதைப் போலத்தான்.

அன்றைக்கும் கலியமூர்த்தியின் ஸ்கூட்டர் முழு அலங்காரத்தில் வந்திருந்தது. வசந்தா என் காதருகே வந்தாள்.

"அந்தக் கண்ணாடி நம்மளுது இல்லண்ணே. போன மாசம் உரக்கடைக்காரர் வண்டியில இருந்துச்சு."

"காது கேக்குது," என்றார் கலியமூர்த்தி, ஸ்கூட்டரைப் பார்த்தபடியே.

"கேக்கட்டும்னுதான் சொன்னேன்."

ரோட்டில் நெல்

இவர்களுக்குள் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஸ்கூட்டர் இவர்கள் கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால், முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. வயல், வங்கி, ஆஸ்பத்திரி, துக்கம், கல்யாணம் எல்லாவற்றுக்கும் இருவரும் அதில்தான் போனார்கள். கியர் இல்லாத புது ஸ்கூட்டரை மகன் வாங்கிக் கொடுத்தான். கலியமூர்த்தியின் இடது கை கியரைத் தேடித் தேடி அலுத்துப்போய், அது இப்போது வைக்கோல் கொட்டகையில் நிற்கிறது.

போன குறுவை அறுப்பு சமயம் இருவரும் வாய்க்கால் கரை ரோட்டில் வந்துகொண்டிருந்தார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈர நெல்லை எடுக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் அரசாங்கம் போட்ட தார் ரோட்டைவிட நல்ல களம் கிடையாது. ஆகவே மழை விட்ட நாளெல்லாம் ரோட்டில் பாதி நெல்லுக்கு, பாதி வண்டிக்கு. ஓரத்தில் கல்லோ முள்ளோ வைத்து எல்லை பிரித்திருப்பார்கள்.

எதிரே பஸ் வந்தது. கலியமூர்த்தி நெல்லின் மேல் ஒதுங்கிப் பிரேக்கை மிதித்தார். வண்டியின் பின்பக்கம் சுழன்றது. வசந்தாவுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. அவருக்குத் தலையில் அடி. நெல்லுக்காரர் ஓடிவந்தார். முதலில் நெல்லைப் பார்த்தார், அதன்பிறகு இவர்களை.

அன்று தொடங்கிய விவாதம் முறிந்த எலும்பு கூடிய பிறகும் ஓயவில்லை.

"பிரேக்கு பிடிக்கல."

"பிடிச்சதாலதான் வழுக்குச்சு. நெல்லு மேல எந்த வண்டிதான் நிக்கும்?"

"பிடிச்சிருந்தா நெல்லுக்கு முன்னாடியே நின்னிருக்குமுல்ல?"

கடைசியில் ஓர் உடன்படிக்கை ஆனது. ஸ்கூட்டரின் பதிவு முடியும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் சரி என்று எழுதினால் வசந்தா பேசாமல் பின்னால் ஏறுவாள். சரியில்லை என்றால் வண்டி பழைய இரும்புக்குப் போகும். அதுவரை அவள் பஸ்ஸில் போவாள், அவர் தனியாக ஸ்கூட்டரில் போவார். ஒரே விசேஷத்துக்கு இருவரும் வேறு வேறு நேரத்தில் போய்ச் சேர்ந்ததை உறவில் எல்லோரும் கவனித்தாயிற்று.

இரண்டு சிபாரிசுக்கும் பின்னணி இதுதான். ஆய்வு நாளன்று வசந்தா முதல் பஸ்ஸைப் பிடித்துத் தஞ்சாவூருக்கு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கிருந்து என்னோடு அலுவலகத்துக்கு.

உள்ளே என்ன சத்தம்?

எண் சரிபார்த்தாயிற்று. இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு முப்பது வயது இருக்கலாம். குரல் உயர்த்தாமல் பேசினார். "ஐயா, ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க."

கலியமூர்த்தி வண்டியை ஒருபக்கமாகச் சாய்த்து, பெட்ரோலை இறங்க விட்டு, நிமிர்த்தி உதைத்தார். மைதானம் முழுக்கப் புகை. கோடு போட்டதுபோல நேராகப் போய், நேராகத் திரும்பி வந்தார். வசந்தாவின் முகம் வாடியது.

"எறங்குங்க, நான் ஓட்டிப் பாக்கிறேன்."

பழைய கியர் ஸ்கூட்டரை அந்த அம்மா ஓட்டுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இடது கையை முறுக்கிக் கியர் போட்டுப் பழக்கப்பட்டவர்போலக் கிளம்பினார். பாதித் தூரம் போய், வண்டியை நிறுத்திக் காதைச் சாய்த்தார். மறுபடி கிளப்பினார். மறுபடி நிறுத்தினார்.

"உள்ள என்னமோ உருளுது. டொக்கு டொக்குன்னு சத்தம். இடது பக்கம் பெட்டியில என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க மேடம். சாமானுங்க."

"தொறங்க."

கலியமூர்த்தி என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். பெட்டி திறந்தது. அழுக்குத் துண்டில் சுற்றி ஏதோ கனமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா துண்டைப் பிரித்தார். உள்ளே அம்மிக் குழவி.

"அட, என் குழவி!" என்றாள் வசந்தா. "பொங்கலுக்கு முந்தி காணாமப் போச்சு. பக்கத்து வீட்டு மகேஸ்வரியக் கேட்டு, அவ ரெண்டு மாசமா என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குறா!"

"இத எதுக்குய்யா வண்டியில வச்சிருக்கீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

கலியமூர்த்தி கொஞ்ச நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"இவ ஏறுறதில்லீங்க மேடம், விழுந்ததுலேருந்து. தனியா ஓட்டுனா வண்டி வலது பக்கமே இழுக்குது. என்னமோ ஒரு பாரம் இருந்தாத் தேவலாம்போல இருந்துச்சு. அதான்."

வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த மாதிரிப் பழைய ஸ்கூட்டரில் எஞ்சின் வலது பக்கம் தொங்கும். புடவை கட்டிய நம் பெண்கள் காலிரண்டையும் இடது பக்கம் போட்டு உட்காருவார்கள். எஞ்சினுக்கு எதிர்ப் பாரம் அவர்கள்தான். நேரான வண்டி என்று இத்தனை வருஷம் கலியமூர்த்தி நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி வசந்தா.

குழவியை நான் வாங்கிக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் அம்மா மறுபடி ஓட்டினார். வண்டி மெதுவாக, யாரோ காதைப் பிடித்து இழுப்பதைப்போல, வலது பக்கச் சுவரை நோக்கிப் போயிற்று.

வசந்தா சிரிக்கவில்லை. குழவியையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிடிக்காத கை

சுவர் அருகே பிரேக் பிடித்தபோதுதான் அடுத்தது வந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா வலது கையால் முன் பிரேக்கை அழுத்தினார். அது எதிர்ப்பே இல்லாமல் ஹேண்டிலைப் போய்த் தொட்டது.

"முன் பிரேக்கே இல்லையே!"

"இருக்குங்க. பிடிக்கிறதில்ல."

"ஏன்?"

"முன்னாடி பிடிச்சா ஆளத் தூக்கிப் போட்ருமே மேடம்!"

கலியமூர்த்தி இதைச் சொன்ன தோரணையில், காவிரி கிழக்கே போகிறது என்று சொல்வதில் இருக்கிற சந்தேகம்கூட இல்லை. டெல்டா முழுக்க இந்த ஞானம் உண்டு. மாமனார் மாப்பிள்ளைக்குச் சொல்வார், மெக்கானிக் வாடிக்கையாளருக்குச் சொல்வார். முன் பிரேக் கம்பி அறுந்தால் மாற்றுவார் கிடையாது. திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து ஒருவர் ஆய்வுக்குக் கொண்டுவந்த ஸ்கூட்டரில், திருஷ்டிக்கு ஓர் எலுமிச்சம்பழத்தை முன் பிரேக்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே செருகிக் கட்டியிருந்தார்கள். "அந்த எடந்தான் சார் சும்மா இருந்துச்சு" என்றார்.

இன்ஸ்பெக்டர் அம்மா விழுந்த கதையைக் கேட்டார். இரண்டு தரப்பும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நெல்லு மேல எந்த பிரேக்கும் பிடிக்கக் கூடாதுங்க ஐயா. அதுல நீங்க சொல்றது சரி. ஆனா ரெண்டு பிரேக்கும் இருந்திருந்தா நெல்லுக்கு முன்னாடியே நின்னிருக்கும். அதுல அம்மா சொல்றது சரி."

"பாத்தியாண்ணே!" என்றாள் வசந்தா. "அப்ப ஃபெயில்தானேம்மா?"

"ஃபெயில் இல்லம்மா. பக்கத்துலயே கடை இருக்கு. முன் பிரேக்கச் சரி பண்ணி மதியம் கொண்டாங்க. வலது பக்கம் இழுக்குறதுக்கும் முன் சக்கரத்தப் பாக்கச் சொல்லுங்க. பாத்துட்டு எழுதறேன்."

குறை கண்டால் சரிசெய்து திரும்பக் கொண்டுவர வாய்ப்பளிக்க வேண்டும். நடைமுறை அதுதான். நானும் அதைத்தான் செய்திருப்பேன். வசந்தாவுக்கு அது நடைமுறையாகத் தெரியவில்லை.

கலியமூர்த்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போனார். நாங்கள் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நடுவில் குழவி.

"நீ அந்த அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லல, இல்ல?"

"சொல்லல."

"அவரும் உன்கிட்ட கேட்டாரா?"

"கேட்டாரு."

அவள் டீயை ஆற்றினாள். நான் கேட்டேன். "அவ்வளவு பிடிக்கலன்னா நீயே சொல்லி நிறுத்த வேண்டியதுதானே? எதுக்கு ஆபீசு?"

"என் கையி முறிஞ்சதுக்காகன்னு நெனைக்கிறியா? விழுந்து எந்திரிச்சுப் பாக்கிறேன், அவரு கண்ண மூடிக்கிட்டுக் கெடக்குறாரு. கூப்புடுறேன், கூப்புடுறேன், அசையல. அந்தாளு நெல்லக் கூட்டி அள்ளுற சத்தம் மட்டும் கேக்குது. கொஞ்ச நேரம்தான். அப்பறம் எந்திரிச்சுட்டாரு. அவருக்கு அது தெரியவே தெரியாது." டீயை ஒரு வாய் குடித்தாள். "வண்டிய விடுங்கன்னு நான் சொன்னா, பயந்தாங்கொள்ளிம்பாரு. ஆபீசுல எழுதிக் குடுத்தாக் கேப்பாரு. அவரு அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்ட ஆளு."

ஏறினால்தான் தெரியும்

மதியம் ஸ்கூட்டர் புதுக் கம்பியோடும் புதுப் பிரேக் கட்டைகளோடும் வந்தது. முன் சக்கரத்தையும் கழற்றிச் சரியாக மாட்டியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா ஓட்டினார். வலது பக்க இழுப்பு பெரும்பாலும் போயிருந்தது. இரண்டு பிரேக்கும் பிடித்தார். வண்டி குனிந்து நின்றது. அத்தோடு எழுதிக் கொடுத்திருக்கலாம். விதிப்படி ஆய்வு வண்டிக்குத்தான்.

"இப்ப ஐயா ஓட்டுங்க. தரையில போட்டிருக்கிற அந்தக் கோட்டுல ரெண்டு பிரேக்கும் பிடிச்சு நிறுத்துங்க."

கலியமூர்த்தி வந்தார். கால் மிதித்தது. வலது கை ஆக்சிலேட்டரிலேயே இருந்தது. வண்டி கோட்டைத் தாண்டி நின்றது.

"கையிலயும் பிடிக்கணும் ஐயா."

மறுபடி வந்தார். மறுபடி தாண்டினார். தன் கையைத் தானே விசித்திரமாகப் பார்த்தார். "போவ மாட்டேங்குது மேடம். சொல்றேன், கேக்க மாட்டேங்குது."

இன்ஸ்பெக்டர் அம்மா பேனாவை மூடினார். "வண்டி ஓக்கே. நீங்க ஓட்டுறதுதான் ஓக்கே இல்ல. வழக்கமா அம்மா பின்னாடி இருப்பாங்கன்னுதானே சொன்னீங்க? அம்மா, நீங்க ஒரு தடவை ஏறுங்க. பாத்துடறேன்."

"நான் ஏற மாட்டேன். நீங்க பாஸ்னு எழுதுனாத்தான் ஏறுவேன்னு சொல்லியிருக்கேன்."

"நீங்க ஏறுனாத்தான்மா எனக்கு எழுதலாமா வேணாமான்னு தெரியும்."

"எழுதுனாத்தான் ஏறுவேன்."

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. வண்டி நடுவில் நின்றது. இன்ஸ்பெக்டர் அம்மா என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க இவங்களுக்கு யாரு?"

"அண்ணன்."

"நீங்களாவது சொல்லுங்களேன்."

"பின்னால் உட்காருபவரை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று விதி கிடையாது மேடம். கூடாது என்றும் கிடையாது."

பரீட்சை எழுதுகிறவனைப்போல நான் சொன்னதைக் கேட்டு அவர் புருவத்தைத் தூக்கினார். ஃபைலோடு அந்தப் பக்கம் போன பழைய உதவியாளர் நின்று, "மேடம், சார் நம்ம பழைய பிரேக் இன்ஸ்பெக்டரு. இந்த எடத்துலதான் ரிட்டயர்டு ஆனாரு" என்றார்.

"காலையிலயே சொல்லியிருக்கலாமே சார்?"

"சொன்னா நீங்க வண்டியப் பாத்திருக்க மாட்டீங்க. என்னத்தான் பாத்திருப்பீங்க."

அவர் சிரித்தார். வசந்தா சிரிக்கவில்லை. கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு காலையும் ஊன்றி வண்டியில் உட்கார்ந்தபடி, வெறும் பிரேக்கைப் பிடிப்பதும் விடுவதுமாக, கைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வெயிலில் கழுத்தெல்லாம் வியர்வை.

"தள்ளி உக்காருங்க," என்றாள்.

புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். காலிரண்டும் இடது பக்கம். வலது கை அவர் தோளில். வண்டி மைதானத்தின் கோடிக்குப் போய்த் திரும்பி, எங்களை நோக்கி வந்தது. குழவி என் கையில் இருந்தது. வண்டி அப்பழுக்கில்லாமல் நேராக வந்தது.

கோட்டுக்குச் சற்று முன்னால் அவள் குரல் கேட்டது. வீட்டில் பால் பொங்கும்போது போடுகிற சத்தம்.

"கையி! கையப் பிடிங்க! முன்னாடி, முன்னாடி!"

கலியமூர்த்தி பிடித்தார். நானே பார்த்தேன், நான்கு விரலும் மடங்கின. ஸ்கூட்டர் மூக்கைத் தாழ்த்திக் கோட்டின் மேலேயே நின்றது. யாரையும் தூக்கிப் போடவில்லை.

அதன்பிறகுதான் வசந்தாவுக்குத் தான் என்ன செய்தோம் என்பது உறைத்திருக்க வேண்டும். மெல்ல இறங்கி, என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கத்தாம இருந்திருந்தா ஃபெயிலாயிருக்கும்," என்றேன்.

"வாய் சும்மா இருந்தாத்தானே," என்றாள்.

இன்ஸ்பெக்டர் அம்மா எழுதிவிட்டு, காகிதத்தைக் கலியமூர்த்தியிடம் தராமல் வசந்தாவிடம் நீட்டினார். "அஞ்சு வருஷத்துக்கு வண்டி ஓடலாம்னு எழுதியிருக்கேன்மா. ஓட்டுறவரப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. அது உங்க பொறுப்பு."

அவள் அதை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு கணவரிடம் சொன்னாள். "ஏறுறேன். சொன்ன சொல்லுக்கு ஏறுறேன். ஆனா ரோட்டுல நெல்லு கெடந்தா நான் எறங்கிடுவேன். நீங்களும் உருட்டிக்கிட்டுத்தான் வரணும். யாரு பாத்தாலும் சரி."

"ஊரு சிரிக்கும் வசந்தா."

"சிரிக்கட்டும்."

பஸ் ஜன்னல்

குழவி என் தலையில் விழுந்தது. ஸ்கூட்டரில் அதை வைக்கக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் அம்மா உத்தரவு. மறுநாள் அவர்கள் ஊரில் எனக்கு ஒரு வேலையும் இருந்தது. ஆகவே அன்று மாலையே கிளம்பினேன். அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில், குழவியை மடியில் வைத்துக்கொண்டு. பக்கத்து சீட்காரர் இரண்டு முறை அதைப் பார்த்துவிட்டு, கேட்க மனமில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாளடிப் போகத்து நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆற்றங்கரை ரோட்டில் ஏறியதும் பஸ் வேகம் குறைந்தது. நீளத்துக்கு நெல் பரப்பியிருந்தார்கள். வைக்கோல் தூசு ஜன்னலில் ஏறியது. டிரைவர் ஹாரன் அடித்தபடி, ஒரு பக்கச் சக்கரத்தை நெல்லின் மேல் ஏற்றிப் போனார்.

எதிர் வெயிலில் முதலில் வசந்தாவைத்தான் அடையாளம் கண்டேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நெல்லை மிதிக்காமல் கரையோரப் புல்லில் நடந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கலியமூர்த்தி. எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நெல் கிண்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி ஏதோ கேட்டாள். கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு தள்ளினார். வசந்தா பதில் சொன்னாள். பஸ் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண்கள் சிரித்தார்கள்.

நெல் முடிந்த இடத்தில் பஸ் ஒருவரை இறக்க நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் வண்டியைச் சாய்த்து, நிமிர்த்தி, உதைத்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஏறினாள். ஏறியும் அவர் உடனே கிளம்பவில்லை. வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான்கு விரல்களையும் ஒவ்வொன்றாக முன் பிரேக்கின் மேல் வைத்தார். பிடிக்கவில்லை, வைத்துக்கொண்டார். அதன்பிறகுதான் வண்டி நகர்ந்தது.